கோவேறு கழுதை சுமந்த குண்டு



மலைப் பீரங்கிக்கு என்னென்ன குண்டு போடுவார்கள் என்று கேட்டிருந்தாய். அதில் தளபதியின் விருப்பத்தைவிடக் கோவேறு கழுதையின் முதுகுக்கே அதிகச் செல்வாக்கு. வண்டி ஏறாத பாதையில் பீரங்கியைக் கழற்றிக் கோவேறு கழுதைகளின் மேல்தான் ஏற்றினார்கள். குண்டுப் பெட்டியும் அப்படியே. கழுதை மிரண்டால்? தென்னாப்பிரிக்காவில் 1899 அக்டோபரில், நிக்கல்சன் கணவாய் அருகே ஓர் இரவு மிரண்டன. குண்டுகளும் பீரங்கிப் பாகங்களும் இருட்டில் ஓடிப்போக, மறுநாள் அவற்றோடு வந்த பிரிட்டிஷ் படை தன் எதிரிகளான போயர்களிடம் சரணடைந்தது.

பிரிட்டிஷ் இந்தியப் படைக்கு 1901-இல் வந்த மலைப் பீரங்கியின் குண்டு பத்து ராத்தல், அதாவது நாலரை கிலோ. அதன் முதன்மையான வகை ஷ்ராப்னல். உள்ளே ரவைகள், அடியில் கொஞ்சம் வெடிமருந்து, மூக்கில் நேரம் குறிக்கும் ஃபியூஸ். எதிரியின் தலைக்கு மேலே, சற்று முன்னதாக வெடிமருந்து பற்றும். ரவைகள் முன்னோக்கிச் சீறி மழையாய் இறங்கும். குறித்த நேரம் ஒரு நொடி பிசகினாலும் குண்டு வீண்தான். எதிரி மிக நெருங்கிவிட்டால் வேறு குண்டு: குழாயை விட்டதுமே சிதறும் ரவைத் தகர டப்பா. இரவில் வெளிச்சத்துக்கு நட்சத்திரக் குண்டு.

திறந்த சரிவில் ஓடும் ஆட்களுக்கு ஷ்ராப்னல் எமன். மண்ணுக்குள் பதுங்கியவனை அது அவ்வளவாகத் தொடாது. 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிப்பொலியில் ஆஸ்திரேலியர்களுக்குத் துணையாக இறங்கிய கோஹாட், ஜேக்கப் என்ற இந்திய மலைப் பீரங்கிப் படைகளின் சீக்கிய, பஞ்சாபி முஸ்லிம் வீரர்கள் இதை நேரில் பார்த்தார்கள். கையில் இருந்தது பெரும்பாலும் ஷ்ராப்னல். எதிரே துருக்கியரின் பதுங்குகுழிகள். அங்கே வேண்டியது குழியையே பெயர்க்கும் உயர்வெடிக் குண்டு.

1917-இல் வந்த 3.7 அங்குல ஹோவிட்சர் என்னும் மலைப் பீரங்கி அந்தக் குறையைத் தீர்த்தது. குண்டு இருபது ராத்தல். உயர்வெடி, ஷ்ராப்னல், புகை, நட்சத்திரம் என வகைகள். வானை நோக்கிச் சுட்டால் குண்டு முகட்டைத் தாண்டி மறுசரிவில் விழும். உயர்வெடிக் குண்டு பாறையில் பட்டால் கற்சில்லும் சேர்ந்து பறக்கும். புதுப்பனியில் விழுந்தாலோ புதைந்து வெடித்துப் பாதி வலு போய்விடும். எடை கூடியதற்கு விலையும் இருந்தது: பீரங்கியை மட்டும் தூக்கவே எட்டுக் கோவேறு கழுதைகள்.