நிறுத்தப்படும் கருவியும் நடக்கும் வழக்கும்

அன்புள்ள கயல்,

அமெரிக்க வழக்குகளுக்கு ஆவணம் திரட்டித் தரும் வேலையில் சேர்ந்திருக்கிறாய். சேர்ந்த கையோடு, ‘நாம் பயன்படுத்தும் கருவி நிற்கப்போகிறது, எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றுங்கள்’ என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். முதலில் எது நிற்கிறது என்று பிரித்துப் பார்.

சில நேரம் தேடும் கருவி மட்டும்தான் நிற்கும். நிறுவனத் தரவைத் தேடித் திரட்டும் மைக்ரோசாஃப்ட் பர்வியூவில் நடந்தது அதுதான். பழைய கன்டென்ட் சர்ச்சும், இ-டிஸ்கவரியின் பழைய ஸ்டாண்டர்டு, பிரீமியம் வடிவங்களும் 2025 ஆகஸ்ட் 31-உடன் முடிந்தன. மின்னஞ்சல்களும் டீம்ஸ் அரட்டைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. வேறு சில நேரம் தரவு இருக்கும் இடமே மூடப்படும். அலுவலகங்களுக்கான மெட்டாவின் வொர்க்பிளேஸ் தளம் அப்படி. 2024 மே மாதம் அறிவித்தார்கள். 2025 ஆகஸ்ட் வரை வழக்கம்போலப் பயன்பாடு, அதன்பின் 2026 மே முடியும்வரை பார்க்கவும் இறக்கிக்கொள்ளவும் மட்டும் என்று கெடு வைத்தார்கள்.

இடம் மூடும்போது என்ன செய்வது என்பதில் குழப்பமில்லை. லிட்டிகேஷன் ஹோல்டில், அதாவது வழக்குக்காகத் தரவை அழிக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டில், இருப்பவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, கெடுவுக்குள் அவர்களுடைய தரவை இறக்கி, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பை எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். கருவி மட்டும் நிற்கும்போதுதான் ஏமாந்துபோவோம். அஞ்சல் அப்படியே இருப்பதால் ஒன்றும் தொலையவில்லை என்று தோன்றும். தொலையக்கூடியது நாம் செய்த வேலையின் தடம்: எந்தத் தேடல் வரியை, யார், எந்தத் தேதியில், எந்த அஞ்சல்பெட்டிகளில் ஓட்டினார்கள், எத்தனை கிடைத்தன, எவை திறக்காமல் பிழை காட்டின, ரிவ்யூ செய்தவர் எதற்கு என்ன குறியிட்டார். நிலத்துக்கு வில்லங்கச் சான்று எப்படியோ அப்படித்தான் ஆவணத்துக்கு இந்தத் தடம். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வருஷம் கழித்துக் கேட்பார். அப்போது பழைய திரை இருக்காது. ஆகவே தேடல் வரிகள், ஹோல்டு அமைப்புகள், எக்ஸ்போர்ட் அறிக்கைகள் எல்லாவற்றையும் கருவிக்கு வெளியே, வழக்குக் கோப்பில் சேர்த்துவிடு. திரையைப் படம்பிடித்து வைத்தாலும் தப்பில்லை.

அடுத்தது ஒப்பிட்டுப் பார்ப்பது. இரண்டு கருவிகளும் உயிரோடு இருக்கும்போதே ஒரே தேடலை இரண்டிலும் ஓட்டு. எண்ணிக்கை ஒத்துப்போகாமல் இருக்கலாம். கடவுச்சொல் போட்ட கோப்பும் எழுத்தாக மாற்றப்படாத ஸ்கேன் படமும் தேடலுக்கு முழுதாக இன்டெக்ஸ் ஆவதில்லை. அவற்றைச் சேர்ப்பதா விடுவதா என்பது அமைப்பைப் பொறுத்தது. நேர மண்டலம் மாறினால் தேதி வரம்பின் ஓரத்தில் இருப்பவை உள்ளே வரும், வெளியே போகும். அஞ்சலில் கோப்புக்குப் பதிலாக இணைப்பு மட்டும் இருந்தால் அந்தக் கோப்பையும் சேர்த்து எடுக்கிறதா, எடுத்தால் எந்தப் பதிப்பை? இணைப்பைப் பற்றி வக்கீல்கள் சண்டையே போட்டிருக்கிறார்கள். நிக்கோல்ஸ் எதிர் நூம் வழக்கில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், இணைப்பில் இருக்கும் ஆவணத்தைத் தானாகவே அஞ்சலின் அட்டாச்மென்டாகக் கொள்ள முடியாது என்று 2021-இல் சொன்னது. நீ தீர்ப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எந்தக் கருவி எதை எடுக்கிறது என்று தெரிந்து, வித்தியாசத்துக்குக் காரணத்தை எழுதி வைத்தால் போதும்.

நிறுத்த அறிவிப்பு பெரும்பாலும் ஐ.டி. நிர்வாகியின் மெசேஜ் சென்டரில்தான் வந்து விழும். வக்கீல் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. இந்தத் தொழிலில் பாதி விபத்து இந்த இடைவெளியில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். தரவைத் திரட்டும் முறை பற்றி எதிர்த்தரப்போடு எழுத்தில் ஒப்பந்தம் இருந்து, அதில் கருவியின் பெயரும் இருந்தால், மாற்றுவதற்கு முன் வக்கீலுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

‘மைக்ரோசாஃப்ட்தானே நிறுத்தியது, நாங்கள் என்ன செய்வோம்’ என்பது எளிதில் எடுபடாது. 2015 டிசம்பரில் திருத்தப்பட்ட அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் விதி 37(இ) இதைத்தான் கேட்கிறது: காக்க வேண்டிய தரவு தொலைந்ததா, நியாயமான முயற்சி எடுத்தீர்களா, வேறு வழியில் மீட்க முடியுமா? மீட்க முடியாமல் எதிர்த்தரப்புக்குப் பாதகம் நேர்ந்தால், அதைச் சரிக்கட்டும் அளவுக்கு நீதிபதி உத்தரவிடலாம். எதிர்த்தரப்புக்குக் கிடைக்கக் கூடாது என்றே தொலையவிட்டது என்று தெரிந்தால் வழக்கையே இழக்க நேரலாம். மாதக்கணக்கில் முன்னறிவிப்பு இருந்த நிறுத்தத்தை எதிர்பாராதது என்று யாரிடம் சொல்வது?

எப்போதாவது இந்திய வழக்கு உன் மேசைக்கு வந்தால் இன்னொன்றும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி, மின்னணுப் பதிவோடு சான்றிதழும் தர வேண்டும். அதன் படிவத்தில் ஹாஷ் மதிப்புக்கு இடம் உண்டு, நிபுணர் கையொப்பமிட ஒரு பகுதியும் உண்டு. பழைய கருவியின் கணக்கை ரத்து செய்யச் சொல்லி ஐ.டி.யிலிருந்து படிவம் வரும்போது, அந்த ஹாஷ் எடுத்தாயிற்றா, யார் கையொப்பமிடப்போகிறார் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் சம்மதம் சொல்.

அன்புடன்,
அத்தை