நடுக்கம் வந்தால் கம்பளி போதாது

அன்புள்ள தம்பிக்கு,

டயாலிசிஸுக்காகக் கழுத்தில் பெர்ம்கேத் குழாய் போட்டிருக்கும் அந்தப் பெரியவரை, நான் போனில் சொன்னபடி அன்றே திரும்ப வரவழைத்தாயே, அதில்தான் எனக்கு நிம்மதி. மெஷின் ஓடி முக்கால் மணி நேரத்தில் நடுங்கினார், ஏசியைக் குறைத்துப் போர்த்திவிட்டோம், மெஷினை நிறுத்தியதும் சரியாகிவிட்டது என்றாய். வேலைக்கு வந்த புதிதில் நானும் ஓர் அம்மாவுக்குக் கம்பளிதான் போர்த்தினேன். மூன்றாம் நாள் பி.பி. விழுந்து ஆம்புலன்ஸில் வந்தார். பிழைத்துக்கொண்டார். அந்த மூன்று நாளை என்னால் மறக்க முடியவில்லை.

"மருந்துதான் ஏறுகிறதே, குழாயை ஏன் எடுக்கணும்?" என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. குழாய் உள்ளே போன சில நாளிலேயே அதன் உட்சுவரில் கிருமிகள் ஒட்டி, தம்மைச் சுற்றி வழுவழுப்பான படலம் கட்டிக்கொள்கின்றன. குளத்துப்படியில் பாசி பிடிப்பதுபோல. மெஷின் நிமிடத்துக்கு 300 மில்லி அளவில் இரத்தத்தை இழுக்கையில் அதில் ஒரு துணுக்கு பிய்ந்து உடம்புக்குள் போகும். உடனே நடுக்கம். மெஷின் நின்றால் நடுக்கமும் அடங்கும், பாசி மட்டும் அங்கேயே இருக்கும். நரம்பில் ஏற்றும் மருந்து இரத்தத்தில் மிதக்கும் கிருமியைக் கொல்லும். படலத்துக்குள் இருப்பதைக் கொல்ல அதைப்போல் பல நூறு மடங்கு மருந்து வேண்டும்.

இப்படி நடுக்கம் வந்தால் முதல் வேலை, ஆன்டிபயாடிக் ஏறும் முன் இரத்தக் கல்ச்சர் இரண்டு செட். ஃபிஸ்டுலாவுக்காக, அதாவது கையில் இரத்தக் குழாய்களை இணைக்கும் ஆபரேஷனுக்காக, காக்க வேண்டிய கையைக் குத்தாதே. மெஷின் ஓடும்போது டயாலிசிஸ் டியூப்பிலிருந்தே எடுக்கலாம். எடுத்ததும் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் மருந்து தொடங்கும். வழக்கமாக வான்கோமைசினோடு, கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்காக செஃப்டாசிடிம் போன்ற ஒன்றும் சேரும். ரிப்போர்ட் வந்த பிறகு மருந்தை மாற்றுவதில்தான் பல இடங்களில் சோம்பல். சாதாரண மருந்துக்கே அடங்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்றால், வான்கோமைசினைவிட செஃபசோலின் நன்றாகக் கொல்லும், அதுவும் ஒவ்வொரு டயாலிசிஸ் முடிவிலும் போட்டால் போதும். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்வரை ரிப்போர்ட் ஃபைலில் தூங்க விடாதே. நீயே எடுத்துக்கொண்டு போய்க் காட்டு.

இனி குழாய். எடுக்கத் தயங்குவதற்கு நியாயம் இருக்கிறது. இவர்களுக்கு நரம்பு என்பது கையிருப்புப் பணம் மாதிரி, ஒவ்வொரு குழாயும் அதில் கொஞ்சம் தின்றுவிடும். அதனால் தீவிரம் குறைந்த கிருமியாக இருந்து, இரண்டு மூன்று நாளில் காய்ச்சலும் விட்டுவிட்டால், கம்பி வழியே புதுக் குழாய் மாற்றலாம். அல்லது ஹெப்பாரினோடு ஆன்டிபயாடிக் கலந்து லாக் போட்டு, அடுத்த டயாலிசிஸ் வரை குழாய்க்குள்ளேயே நிறுத்திவைக்கலாம். எத்தனை மில்லி என்று குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கும். ஆனால் பி.பி. விழுந்தாலோ, தோலுக்கடியில் குழாய் போகும் பாதையில் சீழ் கண்டாலோ, கல்ச்சரில் பூஞ்சை வந்தாலோ, உங்கள் பெரியவருக்கு வந்ததுபோல் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வந்தாலோ, எடுத்தே ஆகவேண்டும். இதில் பேரம் கூடாது. இடையில் டயாலிசிஸுக்குத் தற்காலிகக் குழாய் போட்டுச் சமாளிக்கலாம். கல்ச்சர் சுத்தமாக வந்த பிறகே புது பெர்ம்கேத். அவர் மகனிடம் டாக்டர் பேசும்போது நீயும் பக்கத்தில் நில். தினமும் பார்க்கும் முகம் தலையசைத்தால் வீட்டாருக்குத் தைரியம் வரும்.

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இதய வால்விலும் முதுகெலும்பிலும் போய் உட்காரும். அதனால்தான் எக்கோ எழுதியிருக்கிறார்கள், மருந்தும் நான்கு முதல் ஆறு வாரம். மருந்து முடிந்து ஒரு வாரத்தில் மறுபடி கல்ச்சர் எடுக்கச் சொல்லி நினைவூட்டு.

புதுக் குழாய் வந்ததும், மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உனக்கும் அவருக்கும் மாஸ்க், ஹப்பைக் குளோர்ஹெக்சிடினால் நன்றாகத் தேய்த்து, காயவிட்டு, பிறகே இணைப்பு. நாலு பேஷன்ட் காத்திருந்தாலும் காயட்டும். ஃபிஸ்டுலா ஆபரேஷனுக்கு எப்போது தேதி என்று இப்போதே கேட்டுவை.

முதுகு வலிக்கிறதா என்று அவர் வரும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் கேள். வயசானால் வலிக்கத்தானே செய்யும் என்று அவரே சொல்வார். அப்படிச் சொன்னாலும் டாக்டரிடம் சொல்.

அன்புடன்,
அக்கா