ஃபத்வா வேறு, தீர்ப்பு வேறு

பாகப்பிரிவினையில் தகராறு எழுந்துவிட்டால் யாராவது ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து, “இதோ, ஹள்ரத் தீர்ப்பு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்” என்று நீட்டுவதை நம் வீடுகளில் காண்கிறோம். தாளைப் பார்த்ததும் பெண்மக்கள் வாயடைத்துப் போகிறார்கள். அது தீர்ப்புத்தானா?

கேட்கப்பட்ட கேள்விக்கு மார்க்கச் சட்டம் இன்னது என்று முஃப்தி அறிவிப்பது ஃபத்வா. இரு தரப்பாரையும் எதிரில் வைத்து, சாட்சியும் சத்தியமும் கேட்டு, காழி முடிவு கட்டுவது களா, அதாவது தீர்ப்பு. முன்னது விளக்கம், பின்னது கட்டளை. ஹிஜ்ரி 684-ல் மறைந்த மாலிகி மத்ஹபு அறிஞர் இமாம் கராஃபி (ரஹ்) அவர்கள் இந்த வேற்றுமையை விளக்கவே தனிக் கிதாபு எழுதினார்கள்.

முஃப்தி வீடு தேடிவந்து விசாரிப்பதில்லை. எழுதிக் கேட்டதற்குத்தான் பதில் எழுதுகிறார். ஒரு மகன் இப்படிக் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம்: “என் வாப்பா தம் வீட்டை எனக்கு ஹிபாவாகக் கொடுத்தார்கள். ஹிபா செல்லுமா?” செல்லும் என்றுதான் பதில் வரும். ஆனால் வாப்பா மவுத்தாகும் வரை அந்த வீட்டைத் தம் கைவசமே வைத்து, வாடகையைத் தாமே வாங்கிவந்தார்கள் என்பதை அவன் எழுதவில்லை. வயது வந்தவனுக்குச் செய்யும் ஹிபா, பொருள் அவன் கைவசம் வந்தால்தான் பூர்த்தியாகும் என்பது ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் சட்டம். வேறு வாரிசில்லாமல் ஒரு மகனும் ஒரு மகளும் மட்டும் இருந்தால் அந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கு மகளுக்குரியது. கேள்வியில் ஒரு வரியை விட்டதால் அந்தப் பங்கு மறைந்துபோகிறது. முஃப்தியின் மேல் குற்றமில்லை.

ஹள்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் தம் மகளார் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களுக்கு 20 வஸக் பேரீச்சங்கனி தருவதாகக் கூறியிருந்தார்கள். அவர்கள் அதைப் பறித்துக் கைவசப்படுத்தவில்லை. மரணப் படுக்கையில் தந்தையார், நீ முன்பே எடுத்திருந்தால் அது உன்னுடையது. இன்றோ அது வாரிசுகளின் சொத்து என்று சொல்லிவிட்டார்கள். இச்செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இருக்கிறது. அருமை மகளுக்கே இந்தக் கண்டிப்பு!

இந்தியாவில் 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் காஜிக்கு நீதிமன்ற அதிகாரம் எதையும் தரவில்லை. ஃபத்வா எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றமும் 2014-ல் கூறியது. அதனால் ஃபத்வாவைத் தூக்கி எறியலாம் என்று சிலர் நினைப்பது விபரீதம். உண்மையை உள்ளபடி எழுதிக் கேட்டவனுக்கு, அல்லாஹ்விடத்தில் தப்பும் வழியை அது காட்டுகிறது. ஆகவே கேட்கும்போது பாதகமான விவரத்தையும் எழுதுங்கள். முடிந்தால் கேள்வித் தாளைச் சகோதரிக்கும் வாசித்துக் காட்டி, அவர் சொல்வதையும் சேர்த்து அனுப்புங்கள்.

சரி, காழியே தீர்ப்பளித்துவிட்டால்? அப்போதும் பிறர் சொத்து நமக்கு ஹலாலாகிவிடாது. சாட்சியில்லாத பழைய வாரிசுச் சொத்து ஒன்றுக்காக இரண்டு பேர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வழக்குக் கொண்டுவந்தார்கள். தாமும் மனிதரே என்றும், ஒருவர் மற்றவரைவிடச் சாமர்த்தியமாக வாதாடக்கூடும் என்றும், கேட்டதை வைத்தே தாம் தீர்ப்பளிப்பதாகவும், அப்படிச் சகோதரனின் உரிமையைப் பெற்றவன் நெருப்புத் துண்டையே பெறுகிறான் என்றும் அவர்கள் எச்சரித்தார்கள். இதை அறிவிப்பவர்கள் உம்மு ஸலமா நாயகி (ரலி) அவர்கள். அபூதாவூதிலுள்ள அறிவிப்பின்படி இருவரும் அழுதார்கள். என் உரிமை உனக்கே என்று ஒவ்வொருவரும் மற்றவரிடம் சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ, நியாயத்தை நாடிப் பங்கிட்டுச் சீட்டுப்போட்டு எடுத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் ஹலாலாக்கி விடும்படி அவர்களை அனுப்பினார்கள்.