திறன் காட்டும் ஒரு பக்கம்

நுழையும்முன்

வேலை தேடுவோர் நிறுவனத்திற்கு அனுப்பும் முதல் மடல் தன்விவரக் குறிப்பு. ஆளைக் காண்பதற்கு முன்னர் நிறுவனம் காண்பது அதனைத்தான். தகவல் தொழில்நுட்பப் பணிகளுக்கு அதனை எழுதும்போது எத்திறனை முன்வைப்பது, எதனை விடுப்பது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஏறத்தாழ 1482ஆம் ஆண்டில், முப்பது வயதை ஒட்டியிருந்த லியொனார்டோ டா வின்சி, மிலான் நகரின் ஆட்சியாளர் லுடோவிக்கோ ஸ்போர்சாவிடம் பணி வேண்டி ஒரு மடல் வரைந்தார். அதன் வரைவு ‘கோடெக்ஸ் அட்லாண்டிகஸ்’ எனப்படும் அவருடைய தாள்களின் தொகுப்பில் இன்றும் உள்ளது. அவர் ஃபுளோரன்ஸ் நகரில் வெரோக்கியோவின் பட்டறையில் ஓவியம் பயின்றவர். ஆயினும் அம்மடல் ஓவியத்தில் தொடங்கவில்லை. எளிதில் தூக்கிச் செல்லத்தக்க பாலங்கள், முற்றுகையின்போது அகழி நீரை வடிக்கும் முறை, இடம்விட்டு இடம் கொண்டுசெல்லத்தக்க பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் எனத் தாம் செய்யவல்லவற்றை அது வரிசையாக அடுக்குகிறது. அமைதிக் காலத்தில் கட்டடம் எழுப்பவும் ஓரிடத்து நீரை மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லவும் தெரியும் என்பது அதற்குப் பின்னரே வருகிறது. சிற்பமும் ஓவியமும் இறுதியில் ஓரிரு வரிகளே. அவற்றையடுத்து, ஆட்சியாளரின் தந்தைக்கு நினைவாக எழுப்பக் கருதியிருந்த வெண்கலக் குதிரைச் சிலையைச் செய்து தர இயலும் என்ற குறிப்பு காணப்படுகிறது.

இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. மிலான் அக்காலத்தில் வெனிஸ் நகர அரசுக்கு எதிரான போரில் ஈடுபட்டிருந்தது. மடலைப் படிப்பவருக்கு அன்று எது தேவையோ அதுவே மேலே நின்றது. அம்மடல் கூறும் போர்க்கருவிகளுள் பெரும்பாலானவை லியொனார்டோ அதுவரை செய்து பார்த்திராதவை என்பதையும் சொல்லியாக வேண்டும். வரிசைப்படுத்தும் முறையை அவரிடம் கற்கலாம். அத்துணிச்சலைக் கற்றால் இன்றைய நேர்காணலின் இரண்டாம் வினாவிலேயே வெளுத்துவிடும்.

கணினிப் பயன்பாட்டியலில் இளநிலைப் பட்டம் பெற்ற மாணவி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. தன்விவரக் குறிப்பு எப்படி இருக்கும் என்று காட்ட வீட்டில் எவரும் இல்லை. தோழியின் குறிப்பைப் பார்த்தே தமதையும் எழுதுகிறார். ‘திறன்கள்’ என்ற தலைப்பின்கீழ் சி, சி++, ஜாவா, பைத்தான், பிஎச்பி, எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், எஸ்க்யூஎல், லினக்ஸ், கிட், வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட், ஃபோட்டோஷாப் என 15 பெயர்கள் நிற்கின்றன. அவர் விண்ணப்பிப்பதோ மென்பொருள் சோதனையாளர் பணிக்கு. அறிவிப்பில் கேட்கப்பட்டவை மூன்று: சோதனை நிலைகளை எழுதும் பயிற்சி, எஸ்க்யூஎல், பிழை அறிக்கைகளைத் தெளிவாக எழுதும் ஆற்றல். பைத்தான் இருந்தால் நன்று.

இம்மூன்றும் அவரிடம் உண்டு. இறுதியாண்டுத் திட்டப்பணியில் கல்லூரி நூலக மென்பொருளைச் சோதித்து, 23 பிழைகளைக் கண்டறிந்து, ஒவ்வொன்றும் எந்தப் படியில் தோன்றுகிறது என்று எழுதித் தந்தவர் அவர். ஆனால் அவருடைய குறிப்பின் இரண்டாம் பக்க அடியில் ‘திட்டப்பணி: நூலக மேலாண்மை மென்பொருள்’ என்ற நான்கு சொற்களே உள்ளன. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களுக்கு நடுவே அமர்ந்திருப்பவர் அந்த நான்கு சொற்களுக்குள் புதைந்திருப்பதைத் தோண்டி எடுக்கமாட்டார். தகுதி இல்லாமையால் அன்று, தகுதி கண்ணில் படாமையால் வாய்ப்பு கைநழுவுகிறது. வழிகாட்ட ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கே இவ்விழப்பு மிகுதியாக நேர்கிறது.

அந்த வரியை அவர் மாற்றி எழுதினால் எப்படி இருக்கும்? ‘நூலக மென்பொருளுக்கு 60 சோதனை நிலைகள் எழுதினேன், 23 பிழைகளைக் கண்டறிந்து அறிக்கை அளித்தேன், நூல் இரவல் பதிவுகளை எஸ்க்யூஎல் வினவல் மூலம் சரிபார்த்தேன்.’ இவ்வரிகளில் புகழ்ச்சிச் சொல் ஒன்றும் இல்லை. ‘கடின உழைப்பாளி’, ‘குழுவாக இயங்கும் பண்பினர்’ போன்ற தொடர்கள் எல்லார் குறிப்பிலும் இருப்பதால் எவரையும் அவை வேறுபடுத்திக் காட்டுவதில்லை. செய்த செயலும் அதன் அளவும் வேறுபடுத்துகின்றன. திறனின் பெயரை மட்டும் சொல்வது விதையைக் காட்டுவது. அதைக்கொண்டு செய்ததைச் சொல்வது விளைச்சலைக் காட்டுவது.

பல நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் வாங்கி அடுக்குவது மென்பொருளே. அது குறிப்பிலுள்ள எழுத்துகளைப் பிரித்தெடுத்துச் சேமிக்கும். பணியாளர் தேர்வுப் பிரிவினர் அதில் சொற்களை இட்டுத் தேடுவர். படமாக ஒட்டப்பட்ட எழுத்துகளும், சிக்கலான கட்டங்களும், இரண்டு பத்திகளாகப் பிரித்த பக்கமும் அவ்வாறு பிரித்தெடுக்கையில் சிதைவதுண்டு. எனவே அலங்காரமற்ற ஒற்றைப் பத்தி அமைப்பே நல்லது. அறிவிப்பில் எச்சொல் உள்ளதோ, அத்திறன் தம்மிடம் உண்மையாகவே இருக்குமாயின், அதே சொல்லை ஆளவேண்டும். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில் சொற்களை மறைத்து வைப்போரும் உளர். எழுத்துகள் பிரித்தெடுக்கப்பட்டதும் அவை வெளிப்பட்டுவிடும். அதன்பின் உண்மையாக எழுதியதையும் எவரும் நம்பார்.

தெரிந்து தெளிவோம்

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ‘தமிழ்’ என்னும் சொல் நமக்கு மூன்று எழுத்து; ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். பெயருக்கு இத்தனை எழுத்துகளே இடலாம் என வரம்பு வைக்கும் படிவங்களில் தமிழ்ப் பெயர்கள் அறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேற்கண்ட செய்தி வெறும் தகவலன்று. தமிழ் இடைமுகம் கொண்ட செயலிகளைச் சோதிப்பதற்கும் மொழியாக்குவதற்கும் இதனை அறிந்தவர் தேவை. ‘மொழிகள்: தமிழ், ஆங்கிலம்’ என்று கடைசி வரியில் ஒதுக்கிவிடும் மாணவர், ஒரு செயலியின் தமிழ்த் திரைகளைச் சரிபார்த்திருந்தால் அதனை மேலே எழுதுவதே முறை. தாய்மொழி அறிவும் ஒரு தொழில்திறன் என்பது ஏனோ பலருக்குத் தோன்றுவதில்லை.

திறனைச் சதவீதத்தாலும் விண்மீன்களாலும் காட்டும் வழக்கம் இப்போது பரவியுள்ளது. ‘ஜாவா 80 விழுக்காடு’ என்றால் எதில் எண்பது? ஜாவாவை உருவாக்கியவர்களும் தமக்கு அப்படி மதிப்பெண் இட்டுக்கொள்ளத் தயங்குவர். ‘பணியில் பயன்படுத்தியது’, ‘பாடமாகப் பயின்றது’ என இரு வரிகளாகப் பிரித்தால் போதும். தந்தை பெயர், சமயம், திருமண நிலை, ஆதார் எண் ஆகியவற்றிற்கு அப்பக்கத்தில் வேலை இல்லை. ‘மேற்கூறிய யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்னும் அரசுப் படிவத்து வாசகமும் அவ்வாறே. அவை நீங்கினால் புதிதாக வேலை தேடுபவரின் குறிப்பு ஒரே பக்கத்தில் அடங்கும்.

எஞ்சியவற்றைச் சலிக்க ஒரு வழி உண்டு. எழுதிய ஒவ்வொரு திறனையும் பற்றி, நண்பர் ஒருவர் வினவ, ஐந்து நிமிடம் தடையின்றிப் பேசிப் பார்க்கலாம்: எங்கே பயன்படுத்தியது, எங்கே சிக்கியது, எப்படிச் சரிசெய்தது. பேச இயலாதது பட்டியலிலிருந்து வெளியேறும். வேர்டும் பவர்பாயிண்டும் மாணவியின் பட்டியலிலிருந்து முதலில் போயின. எக்செல் தங்கியது, 23 பிழைகளையும் அவர் அதில்தான் பதிந்து வைத்திருந்தார். அறிவிப்பு கேட்ட எஸ்க்யூஎல் முதலிடத்திற்கு வந்தது. அதன்பின் பைத்தான், கிட், எக்செல், எச்டிஎம்எல் நின்றன. பதினைந்தில் ஐந்து. நூலகத் திட்டப்பணி இரண்டாம் பக்க அடியிலிருந்து முதல் பக்கத்தின் மேற்பாதிக்கு ஏறியது.