படிம மீதரவை வாசிக்கும் நூலகத்தைத் தெரிவுசெய்தல்

இலக்கமுறைப் படக் கோப்பினுள் திகதி, கமரா வகை, சிலவேளை எடுத்த இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு என்பனவும் பதிந்திருக்கும். தரவு பற்றிய இத்தரவே மீதரவு. இதற்கான எக்சிஃப் நியமம் 1995இல் ஜப்பானில் உருவானது. இதனை வாசிப்பதற்கு ஆயத்தமாக எழுதப்பட்ட செய்நிரற் தொகுதிகள் நூலகங்கள் எனப்படும். தெரிவுசெய்யுமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள்.

1. எக்கோப்பு வகை? பைதனின் பில்லோ நூலகம் ஜேபெக் கோப்பை வாசிக்கும். ஐபோனின் ஹெய்க் கோப்புக்கு மேலதிகச் செருகி தேவை.

2. வாசிக்க மட்டுமா, நீக்கவுமா? எக்சிஃப்ரீட் வாசிக்கும், எக்சிஃப்டூல் நீக்கவும் செய்யும்.

3. பராமரிப்பு உண்டா? பழைய பீ.ஐ.எல். நூலகத்தின் இறுதி வெளியீடு 2009. பில்லோ அதன் தொடர்ச்சி.

கவனிக்க: படங்களை இணையத்தில் இடும் செய்நிரலுக்கு 2ஆம் வினாவே முக்கியம். இடத்தரவை நீக்காவிடின், வீட்டில் எடுத்த படமே வீடு இருக்குமிடத்தைக் காட்டிவிடலாம்.