கேள்வித்தாளை வைத்துவிட்டுக் கோலமாவை எடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

கல்லூரிக்குப் போன பிறகுமா பாப்பா என்று முறைக்காதே. பெரியம்மாவுக்கு நீ எப்போதும் அதுதான்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் உங்கள் தெருப் பெரியவர்களைச் சந்தித்து, அவர்களுடைய நினைவுகளைப் பதிவுசெய்யப் போவதாக எழுதியிருந்தாய். கேள்விப் பட்டியலையும் படித்தேன். ‘உங்கள் இளமைக்காலம் எப்படி இருந்தது?’ என்று தொடங்கி, ‘இன்றைய தலைமுறைக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?’ என்று முடிகிறது. இதோடு போனால், ‘என்னத்தச் சொல்ல, ஏதோ ஓடிப்போச்சு’ என்ற பதிலும் ஒரு டம்ளர் காப்பியும் கிடைக்கும். கடைசிக் கேள்விக்கு மட்டும் செல்போனைப் பற்றி நீளமாக ஒரு வசவு வரும்.

அவர்களுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. எதிரே உட்கார்ந்து போனை நீட்டிப் ‘பேசுங்கள்’ என்றால் எவருக்கும் வாய் வராது. கை ஒரு வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். அதனால் பேட்டி எடுக்கப் போகாதே, ஒரு கலையைக் கற்றுக்கொள்ளப் போ. வில்லுப்பாட்டோ கூத்தோ கற்க ஆசானைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டும். கோலத்துக்கு இரண்டு வீடு தள்ளிப் படியேறினால் போதும்.

முதலில் அவர்களுடைய கோல நோட்டைக் கேள். அநேகமாக அது பழைய டைரியாகவோ பாதி எழுதிய கணக்கு நோட்டாகவோ இருக்கும். ஒரு பக்கம் கோலம், மறுபக்கம் பால் கணக்கு, ஓரத்தில் யாரோ ஒருவருடைய முகவரி. ‘இதை உங்களுக்கு யார் கொடுத்தார்கள்?’ என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இரு. குடியிருந்த காம்பவுண்டு, எதிர்வீட்டு அக்கா, அவர் கல்யாணமாகிப் போன ஊர் என்று பக்கத்துக்குப் பக்கம் ஆட்கள் வருவார்கள். நீ பட்டியல் போட்டுக் கேட்க நினைத்ததெல்லாம் கேட்காமலே வந்துவிடும்.

பிறகு புள்ளிக்கு வா. புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வைத்தால் நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி விழுந்தால் இடுக்குப்புள்ளி. ‘15 புள்ளி, இடுக்கு, 8 வரை’ என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். நடு வரிசையில் 15 வைத்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8-ல் நிறுத்த வேண்டும் என்று அர்த்தம். கூட்டினால் 169 புள்ளிகள். அவர்கள் யாரும் கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு புள்ளி இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து இழுக்க வேண்டும். உன் கோடு முதலில் நடுங்கும், அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முதியோர் தினத்தன்று சால்வை போர்த்திக் கைதட்டும் விழாக்களில் எனக்கு நம்பிக்கையில்லை. ‘இப்படிப் பிடிடி’ என்று அதட்டும் உரிமையைவிடப் பெரிய மரியாதையை அந்தச் சால்வை தந்துவிடாது.

நீயும் வெறுங்கையோடு போக வேண்டாம், உன் கணக்கை எடுத்துக்கொண்டு போ. சிக்குக் கோலத்தில் கம்பி என்கிற கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைத்துத் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். நேர்ப்புள்ளியில் செவ்வகமாக 3-க்கு 5 வைத்து, கம்பியைப் புள்ளிகளுக்கு இடையே சாய்வாகவே ஓட்டி, ஓரத்தில் மட்டும் திருப்பிக்கொண்டு வா. ஒரே கம்பியில் கோலம் முடியும். 4-க்கு 6 வைத்தால் இரண்டு கம்பி வேண்டும், 4-க்கு 4 என்றால் நான்கு. அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அதுவே கம்பிகளின் எண்ணிக்கை. எந்தப் புள்ளிக்கு எத்தனை கம்பி என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும், காரணம் உனக்குத் தெரியும். இரண்டையும் அவர்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பேசுங்கள்.

இது விளையாட்டுப் பேச்சில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-ல் கோலங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, சின்னக் கோலத்திலிருந்து பெரிய கோலத்தை வளர்க்கும் முறையைக் கணினி அறிவியலின் இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். இதை உங்கள் தெரு ஆச்சியிடம் சொல். ‘நாங்க போட்டதுலயா இவ்வளவு?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் உன்னிடம் பேசும் தோரணையே வேறாக இருக்கும்.

ஒரு விஷயத்துக்குத் தயாராகப் போ. வருகிற நினைவெல்லாம் இனிக்காது. விடியுமுன் தட்டி எழுப்பப்பட்ட எரிச்சலும், கோடு கோணினால் வந்த மாமியார் பேச்சும், வாசலுக்கே வரக்கூடாதென்று ஒதுக்கிவைத்த நாட்களும் அதில் இருக்கும். வீட்டில் சாவு விழுந்தால் கோலம் கிடையாது. வெறும் வாசலைப் பார்த்தே தெரு விஷயத்தைத் தெரிந்துகொண்ட காலம் அது. ‘நான் எங்கே ஆசைப்பட்டுப் போட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் அதையும் அப்படியே எழுதிக்கொள். ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்ற தலைப்புக்காக அதை வெட்டிவிடாதே.

உன் வயதுப் பெண்கள் கோலத்தை எங்கே கொண்டுபோனார்கள் என்பதையும் அவர்களிடம் சொல்லலாம். 2019 டிசம்பரில் பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகத் தெருவில் கோலம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அந்தச் சட்டத்தைப் பற்றித் திண்ணையில் ஆளுக்கொரு கருத்து இருக்கும், சண்டைகூட வரலாம். அதனால் என்ன? பேத்தி வயதுப் பெண்ணோடு சரிக்குச் சரியாகச் சண்டை போட்டு எத்தனை நாளாயிருக்குமோ அவர்களுக்கு.

உங்கள் குழுவில் உள்ள பையன்களையும் கூட்டிப் போ. ‘எங்களுக்கு எதுக்கு?’ என்று நழுவுவார்கள், விடாதே. தாத்தாக்களும் மெல்ல வெளியே வந்து நாற்காலி போடுவார்கள். புள்ளி வைக்கத் தெரியாவிட்டாலும், வெள்ளைக்கல்லை இடித்து மாவு கொண்டுவந்தது யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நோட்டைப் போனில் படம் பிடித்தால் மட்டும் போதாது. உனக்கென்று ஒரு புது நோட்டு போடு. ஒவ்வொரு கோலத்துக்கும் கீழே அதைச் சொல்லிக் கொடுத்தவர் பெயர், அவருக்குக் கொடுத்தவர் பெயர், ஊர், தேதி இவற்றை எழுது. அவர்களுடைய அனுமதி இல்லாமல் எதையும் இணையத்தில் ஏற்றாதே. பழைய நோட்டை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடு.

மார்கழி டிசம்பர் நடுவில் பிறந்துவிடும். அதற்குள் நேர்ப்புள்ளியை முடித்து இடுக்குப்புள்ளிக்கு வந்துவிடு. முதல் படத்தை எனக்கு அனுப்பு, கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
பெரியம்மா