முதல் கேமரா ட்ரோன் கட்டப்போகும் செவ்வாப்பேட்டைப் பிள்ளைகளுக்கு

செவ்வாப்பேட்டை, வேப்பம்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் படிக்கிற பிள்ளைகள் இப்போது ட்ரோன் கட்ட வேண்டும் என்று ஆர்வத்தோடு வருகிறார்கள். வந்ததும் கேட்கிற கேள்வி, “ஐயா, எவ்வளவு தூரம் போகும்?” என்பதுதான். தம்பி, பாப்பா, அந்தக் கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் வானில் நிற்கும், நின்றபின் பத்திரமாகத் திரும்புமா என்று கேளுங்கள்.

நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் தக்ஷா ட்ரோன் அணி 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ‘மெடிக்கல் எக்ஸ்பிரஸ்’ போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. நடிகர் அஜித்குமார் அந்த அணிக்கு ஆலோசகராக இருந்ததால் செய்தி ஊரெல்லாம் பரவியது. ஆனால் அந்தப் போட்டியின் வேலை என்ன என்பதைப் பலர் கவனிக்கவில்லை. தொலைவில் இருக்கும் ஒருவரிடம் போய் இரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். போவது அதில் பாதி வேலைதான். கீழே சொல்பவை எல்லாம் மீதிப் பாதியை மனத்தில் வைத்துச் சொல்பவை.

1. நோட்டில் கிராம் கணக்கு எழுதி முடிக்காமல் ஒரு பொருளும் வாங்காதீர்கள். முதல் ட்ரோனுக்கு நான் சொல்லும் கணக்கு இது: 450 மில்லிமீட்டர் ஃப்ரேம் 300 கிராம், நான்கு மோட்டார் 300, புரொப்பெல்லர்கள் 50, ஈஎஸ்சி, ஃப்ளைட் கன்ட்ரோலர், ஜிபிஎஸ், ரிசீவர் எல்லாம் சேர்த்து 120, கேமராவும் அதன் தாங்கியும் 100, வயர், திருகு, பட்டை 30. ஆக 900 கிராம். பேட்டரி 600. மொத்தம் ஒன்றரைக் கிலோ. சமையலறைத் தராசு ஒன்று மேசையில் இருக்கட்டும். பொருள் வந்ததும் நிறுத்துப் பார்த்து எழுதுங்கள், கடைக்காரர் சொன்ன எடையை எழுதாதீர்கள். எடை 10 சதவீதம் கூடினால் மிதந்து நிற்கத் தேவையான திறன் சுமார் 15 சதவீதம் கூடும். நீளமாக விட்ட வயரை வெட்டுங்கள். அலங்கார விளக்கு வேண்டாம். இரும்புத் திருகுக்குப் பதில் நைலான் போதுமான இடத்தில் நைலான் போடுங்கள்.

2. “பேட்டரியைப் பெரிதாக்கிவிட்டால் நேரம் கூடிவிடுமே” என்பார்கள். ஓரளவுக்குத்தான். பேட்டரி தன்னையும் தானே தூக்க வேண்டும். மற்ற எல்லாப் பொருள்களின் எடைக்குச் சமமாகப் பேட்டரி வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். அதை அப்படியே இரட்டித்தால் பறக்கும் நேரம் ஏறத்தாழ 9 சதவீதம்தான் கூடும். அதற்கு மேலும் ஏற்றினால் நேரம் குறையவே தொடங்கும். அந்த 9 சதவீதத்துக்காகப் பேட்டரிக்கு இரட்டிப்புக் காசும் கொடுத்து, கனமான மோட்டாரும் வாங்கி, விழுந்தால் ஒன்றரை மடங்கு எடையோடு மோதும் ஒரு பாரத்தை ஏரிக்கரை மேல் பறக்கவிட வேண்டுமா? பேட்டரியை மற்ற எடையில் முக்கால் பங்குக்குள் நிறுத்துங்கள். நேரத்தை வேறு இரண்டு இடங்களில் தேடுங்கள்: புரொப்பெல்லரிலும் செல்லிலும்.

3. புரொப்பெல்லர் பெரிதாகவும் மெதுவாகவும் சுற்றட்டும். இதை மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டால் நேரத்துக்கான வழியில் பாதி தெரிந்துவிடும். ட்ரோன் மேலே நிற்பது கீழே காற்றைத் தள்ளுவதால். கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளினாலும் நிற்கும், நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினாலும் நிற்கும். இரண்டாவதற்குத்தான் மின்சாரம் குறைவாகச் செலவாகும். ஒரே எடைக்கு 5 அங்குலத்திலிருந்து 10 அங்குலத்துக்குப் போனால் மிதக்கத் தேவையான திறன் கணக்கின்படி பாதியாகும். பந்தய ட்ரோன் பிள்ளைகள் 5 அங்குலத்தை விரும்புவது சட்டென்று திரும்புவதற்காக. உங்களுக்குத் திரும்பும் வேகம் வேண்டாம், அசையாமல் நிற்பது வேண்டும். 450 மில்லிமீட்டர் ஃப்ரேமில் 10 அங்குலம் ஒன்றோடொன்று உரசாமல் பொருந்தும். மூன்று இதழை விட இரண்டு இதழ் சிக்கனம். மோட்டாரின் கேவி எண் (ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது) குறைவாக, தொடரில் நான்கு செல் உள்ள பேட்டரிக்கு 700 முதல் 900 வரை இருக்கட்டும். நான்கு மோட்டாரும் முழு வேகத்தில் சேர்ந்து தூக்கும் எடை மொத்த எடையைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் காற்று வீசும் நாளில் ட்ரோன் தடுமாறும்.

4. செல்லுக்கு லித்தியம் அயான் வாங்குங்கள். லிப்போ (லித்தியம் பாலிமர்) அதிக மின்னோட்டத்தைச் சட்டென்று தரும், ஆனால் எடைக்கு ஏற்ற ஆற்றல் குறைவு. 21700 அளவு செல் ஒன்று, 4200 மில்லிஆம்பியர்-மணி, சுமார் 70 கிராம். தொடரில் நான்கு, இணையில் இரண்டு என எட்டு செல் கோத்தால் 120 வாட்-மணி. ஒன்றரைக் கிலோ ட்ரோன் 10 அங்குலப் புரொப்பெல்லரில் மிதக்க 150 வாட்டை ஒட்டித் தேவைப்படும். கேமராவுக்கும் வீடியோவுக்கும் 10 வாட். ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் மிச்சம் வைத்து இறக்கினாலும் 35 நிமிடம் கணக்கில் வருகிறது. ஏறக்குறைய அதே எடை லிப்போவில் 25 நிமிடத்தை எட்டுவதே பாடு. ஆனால் செல்லின் மேல் எழுதியிருக்கும் தொடர் மின்னோட்ட அளவைப் பாருங்கள். 10 ஆம்பியர் மட்டும் தரும் செல்லை இரண்டாக இணைத்தால் மிதப்பதற்குப் போதும். காற்றை எதிர்த்து ஏறும்போது வோல்டேஜ் சரிந்துவிடும். ரிச்சி தெருவிலோ இணையக் கடையிலோ 18650 செல்லில் 9800 என்று அச்சடித்து விற்றால் தொடாதீர்கள். அந்த அளவு உடலில் நல்ல கம்பெனிகளாலேயே அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வர முடியவில்லை.

5. செல்லின் மேல் நேராக ஈயம் பற்றவைக்காதீர்கள். சூடு உள்ளே இறங்கிச் செல்லைக் கெடுக்கும். சுத்தமான நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்யுங்கள். இரும்புக்கு நிக்கல் பூச்சுப் போட்ட பட்டையும் கடையில் கிடைக்கும், அது மின்னோட்டத்துக்குத் தடை. கீறிவிட்டு உப்புத் தண்ணீரில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள்; துருப்பிடித்தால் தெரிந்துவிடும்.

6. மேசையில் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். எப்போதும். ஒரே ஒரு அளவைச் சரிபார்ப்பதற்கு என்றாலும் கழற்றிவிடுங்கள். 10 அங்குல கார்பன் இதழ் விரலை எலும்புவரை வெட்டும். முதல் முறை பேட்டரி இணைக்கும்போது லாரிக்குப் போடும் 24 வோல்ட் பல்பைத் தொடரில் கொடுங்கள். கும்மிடிப்பூண்டி சாலையில் எந்த ஆட்டோ எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், கருவி தப்பிக்கும்.

7. ரேடியோவுக்காகக் காசைக் கொட்டாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 100 மில்லிவாட் ரிமோட் உங்கள் கண் எட்டும் தூரத்துக்குத் தாராளம். அமெரிக்கச் சந்தைக்கான 915 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் மலிவாக வரும். அந்த அலைவரிசையின் ஒரு பகுதியில் இங்கே செல்போன்கள் பேசுகின்றன. வேண்டாம். தூரம் கெடுவது பெரும்பாலும் ஆன்டெனா வைத்த இடத்தால். கார்பன் ஃப்ரேம் அலையை மறைக்கும். ஆன்டெனாவைத் தட்டுக்குக் கீழே வெளியில் நீட்டி, இரண்டு இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள்.

8. காம்பஸை ஜிபிஎஸ்ஸோடு சேர்த்து ஒரு சின்னக் கம்பத்தில் உயர்த்தி, பேட்டரி வயருக்கு எட்டாமல் வையுங்கள். காம்பஸைச் சரிசெய்யும் இடம் முக்கியம். மாடியின் கான்கிரீட்டுக்குள் கம்பி ஓடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் உருக்காலைகளும் கம்பி ஆலைகளும் குவித்து வைத்திருக்கும் இரும்பு உங்களுக்கே தெரியும். அங்கெல்லாம் சரிசெய்தால் ட்ரோன் வடக்கைத் தப்பாகக் கற்றுக்கொண்டு, நிற்கச் சொன்னால் வட்டமடிக்கும். அறுவடை முடிந்த வயலுக்குப் போங்கள். கைபேசியையும் சாவிக்கொத்தையும் தள்ளி வையுங்கள்.

9. சிக்னல் அறுந்தால் தானே வீடு திரும்பும் உயரத்தை நீங்களே அமையுங்கள். ஃப்ளைட் கன்ட்ரோலரில் ஓடும் ஆர்டுபைலட் மென்பொருளில் அது இயல்பாக 15 மீட்டர். நம் ஊர்ப் பனை அதை விட உயரம். உயர் அழுத்த மின் கோபுரம் அந்த 15 மீட்டரைப் போல் இரண்டு மடங்கு. 15 மீட்டரில் நேர்கோடு போட்டுத் திரும்பும் ட்ரோன் பனையின் தலையில்தான் போய் உட்காரும். 45 அல்லது 50 மீட்டராக மாற்றுங்கள். மாற்றியபின், ரிமோட் கையில் இருக்கும்போதே சுவிட்சைப் போட்டு அது திரும்புகிறதா என்று பக்கத்திலேயே பாருங்கள். பேட்டரி குறைந்தால் திரும்பும் அமைப்பையும் இதே போல் சோதித்துவிட்டுத்தான் தள்ளிப் பறக்க வேண்டும்.

10. போகும்போது எதிர்காற்றில் போங்கள். காற்றில் நொடிக்கு 12 மீட்டர் வேகம் உள்ள ட்ரோன், 6 மீட்டர் வேகக் காற்றின் போக்கில் 18 மீட்டர் வேகத்தில் ஓடிவிடும். அதே பாதையில் திரும்பும்போது வேகம் 6 மீட்டர்தான். போனதற்கு மூன்று மடங்கு நேரம். கோடையில் பிற்பகலுக்குமேல் கடற்காற்று உள்ளே வரும், ஆகவே காலையில் காற்றே இல்லை என்று நினைத்து வகுத்த பாதை மாலைக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் மழைக்காற்றோடு விளையாட வேண்டாம். ஏரிப் பக்கம் கரும்பருந்து வட்டமிட்டால் இறக்கிவிடுங்கள். அது ட்ரோனைத் தாக்கும், அதன் இறக்கையும் வெட்டுப்படும். அந்தப் பாவம் வேண்டாம்.

11. படம் தண்ணீர் அசைவது போல் நெளிந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். புரொப்பெல்லரை ஒவ்வொன்றாகச் சமன் பாருங்கள், எடை குறைந்த பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டினால் போதும். மோட்டார் தண்டு வளைந்திருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். கேமராவின் கீழ் மென்மையான ரப்பர் வையுங்கள். பறந்து வந்ததும் ஃப்ளைட் கன்ட்ரோலரின் பதிவை எடுத்து அதிர்வு அளவைப் பாருங்கள்: 30-க்குள் இருந்தால் நலம், 60-ஐத் தாண்டினால் மீண்டும் பறக்கவிடாதீர்கள்.

12. சட்டத்தைப் பயத்தோடு அல்ல, தெளிவோடு படியுங்கள். 2021 ஆகஸ்ட் 25-ல் வெளியான ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோவரை மைக்ரோ வகை. நம் ஒன்றரைக் கிலோ அதில் வரும். வணிகமில்லாமல் பறக்கவிட விமானி சான்றிதழ் தேவையில்லை. கல்யாண வீடியோ எடுத்துக் காசு வாங்கினால் கதை வேறு, சான்றிதழ் வேண்டும். கையால் கட்டியதும் அந்த வேலைக்கு ஆகாது. அரசுத் தளத்தில் பதிந்து தனி அடையாள எண் வாங்குங்கள். புறப்படும் முன் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் உங்கள் இடத்தின் நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் 120 மீட்டர் உயரம்வரை. விமான நிலைய எல்லைக்கு 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 60 மீட்டர்வரைதான். கிழக்கே ஆவடி, மேற்கே அரக்கோணம், வடக்கே ஸ்ரீஹரிக்கோட்டா எனப் பாதுகாப்பு மிகுந்த இடங்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன, ஆகவே போன மாதம் பார்த்தேன் என்று விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் பறப்பது நிபந்தனை. அரை கிலோமீட்டரில் இந்த ட்ரோன் ஒரு புள்ளிதான். அதற்கு முன்பே எந்தப் பக்கம் முகம் என்பது தெரியாமல் போகும். நான் நேரத்தைக் கேளுங்கள் என்றது இதனால்தான்: 35 நிமிடம் கண் எதிரே நிற்கும் ட்ரோன் ஏரியின் கரை உடைப்பையும், ஆக்கிரமிப்பையும், நீர் ஏறி இறங்குவதையும் பொறுமையாகப் படமெடுக்கும். சென்னை–அரக்கோணம் ரயில் பாதையின் மேல் மட்டும் ஒருநாளும் போகாதீர்கள். கீழே 25,000 வோல்ட் கம்பி, அதன் கீழே மக்கள்.

13. வீட்டுக்கு வந்ததும் பேட்டரியை முழுதாகவோ காலியாகவோ வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். ஒரு செல்லுக்கு 3.6 முதல் 3.8 வோல்ட்டில் நிறுத்தி, பழைய எவர்சில்வர் டப்பாவில், மூடியை இறுக்காமல், தகரக் கூரையின் வெயில் படாத இடத்தில் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும், ஒரு வாளி மணலும் இருக்க வேண்டும். செல்களின் வோல்டேஜை ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றை விடச் சரிந்துகொண்டே வந்தால் அந்தப் பேக்கை இனி மேலே அனுப்பாதீர்கள்.